மேக், மேவன், கிரேடில், என்பிஎம்: முதல் பில்ட் கருவியாக எதைத் தேர்வது?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டு செயல்திட்டம் செய்யும் மாணவர்களும், தஞ்சாவூரில் சிறிய அலுவலகம் வைத்து வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "பில்ட் கருவி ஒன்றைக் கற்றுக்கொள் என்கிறார்கள். மேக்கா, மேவனா, கிரேடிலா? எதில் தொடங்குவது?"

இந்தக் கேள்விக்கு இணையத்தில் பதில்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட திட்டத்தையும், அறுபடாத அலுவலக இணைய இணைப்பையும், தாராளமான நினைவகத்தையும் எடுத்த எடுப்பிலேயே இருப்பதாக வைத்துக்கொள்கின்றன. கைபேசி ஹாட்ஸ்பாட்டில், 4 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில், இன்னும் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து நிரல் எழுதுகிறவருக்கு அந்தப் பதில்கள் பாதிதான் பொருந்தும். அவரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு சிறிய திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டு செல்லும் விவசாயி, தனக்கு எவ்வளவு பணம் வரும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு கணக்கு நிரல். மூட்டைக்கு 40 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அரசு அந்த வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், ஏ ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில ஊக்கத்தொகை தனி. பொது ரகம் 100 மூட்டை என்றால் 40 குவிண்டால். ஊக்கத்தொகை சேர்க்காமல் 94,760 ரூபாய். இதைக் கணக்கிட்டு, தமிழில் ஒரு சீட்டு அச்சிட வேண்டும். நிரல் இவ்வளவுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

பில்ட் என்பது எழுதிய நிரலை ஓடக்கூடிய பொருளாக மாற்றும் எல்லாப் படிகளும் சேர்ந்தது: தேவையான நூலகங்களை (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை) இறக்குவது, கம்பைல் செய்வது (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது), சோதனைகளை ஓட்டுவது, கடைசியில் வாடிக்கையாளர் கையில் கொடுக்கக்கூடிய ஒரு கோப்பாகக் கட்டுவது. இந்தப் படிகளை எந்த வரிசையில், எப்போது செய்ய வேண்டும் என்று எழுதி வைத்து, தானாகவே செய்ய வைப்பதுதான் பில்ட் கருவியின் வேலை.

என் கருத்தில் முதல் அளவுகோல் ஒன்றுதான். உங்கள் திட்டத்தை இதுவரை பார்த்திராத ஒருவர், தன் கணினியில் இறக்கி, ஒரே கட்டளை கொடுத்து அதை ஓட வைக்க முடிகிறதா? வேகம், புகழ், வசதி எல்லாம் அதற்குப் பிறகுதான். செயல்திட்டக் குழுக்களில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி "என் கணினியில் ஓடுகிறதே" என்ற வாக்கியத்தில்தான் போகிறது. ஒருவர் ஜாவா 8 வைத்திருப்பார், இன்னொருவர் 17. ஒருவர் நூலகக் கோப்பைத் தன் டெஸ்க்டாப்பில் போட்டு அங்கிருந்து இணைத்திருப்பார். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் இவையெல்லாம் ஒன்றாக வெளிவரும்.

இரண்டாவது, இணையமும் மின்சாரமும். பில்ட் கருவிகள் பல, முதல் முறை ஓடும்போது நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளை இறக்கும். அதில் தவறில்லை. ஒருமுறை இறக்கியதை வைத்துக்கொண்டு, அடுத்த நாள் இணையமே இல்லாமல் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே இணைப்பு போவது ஆண்டுதோறும் நடப்பது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. இணையத்தை முழுக்க நம்பியிருக்கும் பில்ட் நம் ஊருக்கு ஆகாது.

மூன்றாவது, மாறியதை மட்டும் சரியாக மறுபடி செய்வது. ஒரு வாய்க்காலைத் தூர்வாரினால் அதற்குக் கீழே இருக்கும் வயல்களுக்குத்தான் மாற்றம் தெரியும்; மேலே இருக்கும் வயல்களுக்கு ஒன்றும் ஆகாது. பில்டும் அப்படித்தான் நடக்க வேண்டும். விலைப் பட்டியல் மாறினால் சீட்டு மட்டும் புதிதாக வர வேண்டும், நிரல் முழுவதும் மறுபடி கம்பைல் ஆகக்கூடாது. ஆனால் "சரியாக" என்ற சொல்தான் இதில் முக்கியம். மாறியதை மாறவில்லை என்று நினைத்துக்கொள்ளும் கருவி, மெதுவான கருவியைவிட ஆபத்தானது.

நான்காவது, தமிழ் எழுத்து. ஆங்கில ஒப்பீடுகளில் இதைப் பார்க்கவே முடியாது. நிரலுக்குள் "ஈரப்பதம்" என்று எழுதி விண்டோஸில் கம்பைல் செய்தால், சீட்டில் புரியாத குறிகளோ கேள்விக்குறிகளோ வந்து நிற்கும். கோப்பு யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியாக்கம்) என்று கருவியிடம் சொல்லவில்லை என்றால் அது கணினியின் இயல்பான குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் வேறு ஒன்று. 2022இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8தான் இயல்பு என்று ஆகிவிட்டது. ஆனால் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் ஜாவா 8 இருக்கிறது.

கற்றுக்கொள்ள ஆகும் நேரமும், வேலைவாய்ப்பில் அதற்கு இருக்கும் மதிப்பும் ஐந்தாவது. இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், ஒரு கருவியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அடுத்ததற்கு எளிதாக மாறிக்கொள்வார்.

## கருவியே இல்லாமல்: ஒரு ஸ்கிரிப்ட்

பலர் இதை ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை. ஆனால் இதுவும் ஒரு தேர்வுதான். கையால் தட்டும் நான்கைந்து கட்டளைகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதி வைத்தால், முதல் அளவுகோலில் பாதி நிறைவேறிவிடும். கற்க வேண்டியது ஒன்றுமில்லை, நிறுவ வேண்டியது ஒன்றுமில்லை.

மறைந்திருக்கும் செலவு மெதுவாகத்தான் தெரியவரும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறுபடி செய்யும். நடுவில் ஒரு படி தோற்றாலும், அதைக் கவனித்து நிற்கும்படி எழுதவில்லை என்றால், அடுத்த படிக்குப் போய்விடும். சோதனை தோற்ற நிரலை அழகாகக் கட்டிக் கையில் கொடுக்கும். லினக்ஸில் எழுதிய ஸ்கிரிப்ட் விண்டோஸில் ஓடாது. நூலகங்களை யார், எங்கிருந்து, எந்தப் பதிப்பு இறக்குவது என்பதும் வாய்மொழியாகவே இருக்கும்.

பத்துப் பதினைந்து கோப்புகளுக்குள் முடியும் திட்டம், வெளி நூலகம் ஒன்றோ இரண்டோ, ஆளும் ஒருவரே என்றால் ஸ்கிரிப்ட் போதும். இதற்கு மேல் ஒரு பயனும் உண்டு: எந்தக் கருவிக்குப் போனாலும், அதற்கு முன் படிகளை ஒருமுறை ஸ்கிரிப்டாக எழுதியவர்களுக்கு, கருவி தங்களுக்காக என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

## மேக்

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. 2003இல் இதற்காக அவருக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது. சி மொழியில் எழுதும் பெரும் திட்டங்கள் பல இன்றும் இதை வைத்துத்தான் கட்டப்படுகின்றன. லினக்ஸ் கெர்னலும் அதில் அடக்கம்.

மேக்கின் அடிப்படை ஒரே விதிதான்: எந்தப் பொருள் வேண்டும், அது எவற்றை நம்பியிருக்கிறது, அதை உண்டாக்க என்ன கட்டளை. நம் நெல் கணக்கில் சீட்டு உண்டாக்கும் விதி லினக்ஸில் இப்படி இருக்கலாம்:

    சீட்டு: விலை கணக்கு
    	./கணக்கு விலை > சீட்டு

"சீட்டு" என்ற கோப்பு, "விலை" என்ற பட்டியலையும் "கணக்கு" என்ற நிரலையும் நம்பியிருக்கிறது. சீட்டு இன்னும் உண்டாகாமல் இருந்தாலோ, இவ்விரண்டில் ஒன்று அதைவிடப் புதியதாக இருந்தாலோ இரண்டாவது வரியில் உள்ள கட்டளையை ஓட்டு; இல்லையென்றால் ஒன்றும் செய்யாதே. செப்டம்பரில் கொள்முதல் பருவம் தொடங்கிப் புதிய விலை வந்தால் பட்டியலை மாற்றிச் சேமித்து, மேக் என்று தட்டினால் போதும். இந்த இரண்டு வரி புரிந்தால் மற்ற எல்லாக் கருவிகளின் உள்ளேயும் என்ன நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். கற்பதற்கு மேக் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அதன் செலவுகள். இரண்டாவது வரி டேப் எழுத்தில் தொடங்கியாக வேண்டும், இடைவெளிகளில் அல்ல. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஃபெல்ட்மனுக்கே இது உறுத்தியது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். ஐம்பது ஆண்டுகளாக அந்த டேப் தொடர்கிறது.

இதைவிடப் பெரிய செலவு நேரமுத்திரை. மேக் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை; எது எப்போது மாற்றப்பட்டது என்ற நேரத்தை மட்டுமே பார்க்கிறது. நம் கல்லூரிகளில் இன்னும் பென்டிரைவில்தான் நிரல் கைமாறுகிறது. நண்பர் நேற்று மாலை ஒரு கோப்பைத் திருத்துகிறார். நீங்கள் இன்று காலை உங்கள் பழைய கோப்பை வைத்து பில்ட் செய்கிறீர்கள். மதியம் அவர் பென்டிரைவைத் தருகிறார்; கோப்பை உங்கள் கோப்புறையில் ஒட்டுகிறீர்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் நகலெடுத்தால் கோப்பு தன் பழைய திருத்த நேரத்தோடு, அதாவது நேற்று மாலை நேரத்தோடு வரும். இன்று காலை உண்டான பொருளைவிட அது பழையது. ஆகவே மேக்கைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. நண்பரின் திருத்தம் கோப்பில் இருக்கும், ஓடும் நிரலில் இருக்காது. இந்த மாதிரி நேரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவதுதான் வழி. நிரந்தரமான வழி, பென்டிரைவை விட்டுவிட்டு, யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட் என்ற கருவியைப் பழகுவது.

இன்னொன்றும் உண்டு. மேலே உள்ள விதியில் "கணக்கு" நிரல் பாதியில் நின்றுவிட்டால், அரைகுறையான சீட்டு புதிய நேரமுத்திரையோடு வட்டில் இருக்கும். அடுத்த முறை மேக் அதைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். பிழை வந்தால் இலக்கை நீக்கிவிடு என்று சொல்லும் சிறப்பு வரி ஒன்று, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் மேக் வடிவமான குனு மேக்கில் இருக்கிறது. எல்லா மேக்ஃபைல்களிலும் (மேக் விதிகளை எழுதி வைக்கும் கோப்புகளிலும்) அதை வைப்பது நல்லது.

மேக் வெளி நூலகங்களை இறக்கித் தராது. விண்டோஸில் இயல்பாக இருக்காது. விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் துணையமைப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். ஜாவாவுக்கு இதைப் பயன்படுத்துவது வீண் உழைப்பு. சி, சி++ எழுதுகிறவருக்கும், மைக்ரோகன்ட்ரோலர் வைத்து மண் ஈரப்பதம் அளக்கும் செயல்திட்டம் செய்கிறவருக்கும், பைத்தானில் தரவை எடுத்துத் திருத்தி வரைபடம் போடுகிறவருக்கும் மேக் மிகப் பொருத்தமானது. இணையம் தேவையே இல்லை, நினைவகச் சுமையும் இல்லை.

## மேவன்

அப்பாச்சி நிறுவனத்தின் கீழ் வளர்ந்த மேவனின் முதல் முழுப் பதிப்பு 2004இல் வந்தது. மேக்கில் நீங்கள் படிகளைச் சொல்கிறீர்கள். மேவனில் படிகள் முன்பே முடிவாகியிருக்கின்றன: சரிபார், கம்பைல் செய், சோதி, கட்டு, நிறுவு. உங்கள் திட்டத்தின் பெயர் என்ன, எந்த நூலகங்கள் வேண்டும் என்று மட்டும் பாம் (pom.xml) என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதினால் போதும். நிரல் எந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும், சோதனை எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் வழக்கப்படி தீர்மானமானவை.

சுதந்திரம் குறைவு என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. தொடங்குகிறவருக்கு அந்தக் குறைவுதான் பெரிய உதவி என்று நினைக்கிறேன். மன்னார்குடியில் ஒருவர் உருவாக்கிய மேவன் திட்டத்தை பெங்களூரில் இன்னொருவர் திறந்தால், எது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தேடாமலே தெரியும். என் முதல் அளவுகோலை இந்த நான்கில் மிக நேர்மையாக நிறைவேற்றுவது மேவன்தான்.

நூலகங்களுக்குக் குழு, பெயர், பதிப்பு என்று மூன்று விவரம் கொடுத்தால், மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து அதையும், அது நம்பியிருக்கும் மற்ற நூலகங்களையும் இறக்கி, உங்கள் கணினியில் ஒரு கோப்புறையில் சேமித்துக்கொள்ளும். அடுத்த திட்டத்துக்கும் அதே சேமிப்பு பயன்படும். முதல் நாள் இறக்கம் அலுப்பூட்டும். சோதனை நூலகம் ஒன்றை மட்டும் கேட்டிருப்பீர்கள். திரையில் வரி வரியாக வேறு எதை எதையோ இறக்கிக்கொண்டிருக்கும். அவை பெரும்பாலும் மேவனுடைய சொந்தச் செருகுநிரல்கள். கல்லூரி வைஃபையோ நல்ல இணைப்போ கிடைக்கும் இடத்தில் அந்த முதல் ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: ஆஃப்லைன் வேலைக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கும் கட்டளை மேவனில் இருக்கிறது. ஆனால் அது உண்மையில் எல்லாவற்றையும் இறக்குவதில்லை. சோதனைகளை ஓட்டும் செருகுநிரல், தனக்கு வேண்டிய ஒரு பகுதியைச் சோதனை ஓடும்போதுதான் தேடும். ஆகவே இணைப்பு இருக்கும்போதே வெரிஃபை கட்டம் (கட்டியதற்குப் பிறகு, நிறுவுவதற்கு முன் வருவது) வரை ஒருமுறை முழுதாக ஓட்டிவிட்டு, அதன் பிறகு ஆஃப்லைன் விருப்பத்தோடு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அது தேறினால் மழைக்காலத்துக்குக் கவலையில்லை.

பாம் கோப்பில் முதல் நாளே எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று, மூலக் குறியாக்கம் யூடிஎஃப்-8. இதை எழுதாவிட்டால், இந்த பில்ட் கணினிக்குக் கணினி மாறும் என்று மேவனே எச்சரிக்கை காட்டும். அந்த மஞ்சள் வரியைப் பலர் கண்டுகொள்வதில்லை. நம் "ஈரப்பதம்" சிதைவது அங்கேதான். இரண்டு, ஜாவா பதிப்பு. பழைய மாதிரி பாம் கோப்பை நகலெடுத்துப் புதிய ஜாவாவில் ஓட்டினால் "சோர்ஸ் ஆப்ஷன் 5 இனி இல்லை" என்ற பொருளில் ஒரு பிழை வரும். நிரலில் தவறு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். பதிப்பு எழுதாததால் கருவி மிகப் பழைய ஜாவாவை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மேவனின் மறைந்த செலவுகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அதன் உள்ளூர்ச் சேமிப்பு. "இன்ஸ்டால்" என்று ஓட்டினால் உங்கள் திட்டமே அந்தச் சேமிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை நம்பியிருக்கும் இன்னொரு திட்டம் உங்கள் கணினியில் மட்டும் ஓடும், நண்பரின் கணினியில் ஓடாது. தேவையில்லாமல் இன்ஸ்டால் ஓட்டும் பழக்கத்தை விட்டு, வெரிஃபை வரை மட்டும் ஓட்டப் பழகுங்கள். இரண்டு நூலகங்கள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்பைக் கேட்டால், உங்கள் திட்டத்துக்கு எது கிட்டே இருக்கிறதோ அதை மேவன் எடுத்துக்கொள்ளும். அது பழைய பதிப்பாகவும் இருக்கலாம். எந்த நூலகம் எதை நம்பியிருக்கிறது என்ற சார்பு மரத்தைக் காட்டும் கட்டளையை அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் எக்ஸ்எம்எல் நீளும், பொறுமை குறையும். சீட்டு அச்சிட்ட பிறகு அதைச் சுருக்கி ஒரு சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்பது போன்ற வேலைகளை மேவனுக்குள் திணிக்காமல் தனி ஸ்கிரிப்டில் வைப்பது மேல்.

## கிரேடில்

கிரேடிலின் 1.0 பதிப்பு 2012இல் வந்தது. அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு இதைத்தான் கூகுள் தேர்ந்தெடுத்தது. ஆகவே ஆண்ட்ராய்டு செயலி எழுதப்போகிறவருக்கு இந்த ஒப்பீடு தேவையே இல்லை, கிரேடில்தான்.

மேவனைப் போலவே நூலகங்களை இறக்கும், அதே களஞ்சியத்தைப் பயன்படுத்தும். பில்ட் கோப்பு மட்டும் எக்ஸ்எம்எல் அல்ல; குரூவி அல்லது கோட்லின் மொழியில் எழுதும் நிரல். மாறியதைக் கண்டுபிடிக்க நேரத்தைப் பார்ப்பதில்லை, உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. மேலே சொன்ன பென்டிரைவ் சிக்கல் இதில் வராது. மூன்றாவது அளவுகோலில் இதுதான் முதலிடம்.

ரேப்பர் என்ற ஏற்பாடு கிரேடிலின் சிறந்த கொடை. திட்டத்தோடு ஒரு சிறு ஸ்கிரிப்டும் சேர்ந்து வரும்; அதை ஓட்டினால் சரியான கிரேடில் பதிப்பை அதுவே இறக்கிக்கொள்ளும். உங்கள் நண்பர் ஜாவா மட்டும் வைத்திருந்தால் போதும். மேவனும் பின்னர் இதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரே மடிக்கணினியில் பழைய செயல்திட்டங்கள் நான்கைத் திறந்தால் நான்கு பதிப்புகள் இறங்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 எம்பி. ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நினைவகம்தான் இதன் பெரிய செலவு. வேகத்துக்காக டீமன் என்ற பின்னணிச் செயல்முறை ஒன்று, வேலை முடிந்த பிறகும் இயல்பாக 3 மணி நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ உருவாக்கும் புதிய திட்டம் அதற்கு 2 ஜிபி வரை அனுமதிக்கிறது. 4 ஜிபி மடிக்கணினியில் ஸ்டுடியோ, டீமன், எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசி) மூன்றும் சேர்ந்தால் மௌஸ்கூட நகராது. எமுலேட்டரை விட்டுவிட்டு உங்கள் கைபேசியையே கேபிளில் இணைத்து ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் டீமனை நிறுத்தும் கட்டளையைக் கொடுங்கள். பாதிச் சுமை குறையும்.

அடுத்தது பழைய பாடங்கள். கிரேடில் வேகமாக மாறும் கருவி. நூலகம் சேர்க்க முன்பு "கம்பைல்" என்று எழுதுவார்கள். 2021இல் வந்த 7ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டு, "இம்ப்ளிமென்டேஷன்" என்றுதான் எழுத வேண்டும் என்று ஆனது. அதே ஆண்டு ஜேசென்டர் என்ற களஞ்சியத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. சீனியர்கள் கொடுத்த பழைய செயல்திட்டம் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்று, அல்லது கிரேடில், ஆண்ட்ராய்டு செருகுநிரல், ஜாவா மூன்றின் பதிப்புகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதது.

பில்ட் கோப்பே நிரலாக இருப்பதால், கெட்டிக்காரர் ஒருவர் அதில் தன் கைவரிசையைக் காட்டத் தொடங்குவார். அவர் வேலை மாறிச் சென்னைக்குப் போன பிறகு அந்தக் கோப்பைத் தொட யாருக்கும் துணிவு வராது. ஐந்தாறு பேருக்குக் குறைவான அலுவலகத்தில் இந்த இழப்பு கனமானது. பல உட்பிரிவுகள் கொண்ட பெரிய திட்டம், பில்டுக்குப் பல நிமிடம் ஆகிறது என்ற நிலை வந்தால் மட்டுமே ஆண்ட்ராய்டுக்கு வெளியே கிரேடிலைப் பரிந்துரைப்பேன்.

## என்பிஎம் ஸ்கிரிப்டுகள்

இணையதளமோ, நோடில் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருளில்) ஓடும் சர்வரோ எழுதுகிறவரிடம், நோடோடு சேர்ந்து வரும் நூலக மேலாளரான என்பிஎம் முன்பே இருக்கிறது. பேக்கேஜ் கோப்பில் (package.json) கட்டளைகளுக்குப் பெயர் சூட்டி வைத்தால் அதுவே போதுமான பில்ட் கருவி. இதற்கு மேல் ஒன்றைத் தேடிப் போக வேண்டாம்.

லாக் கோப்பை கிட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்பது அதில்தான் உறைந்திருக்கிறது. புதிய கணினியில் சாதாரண இன்ஸ்டால் கட்டளைக்குப் பதில், லாக் கோப்பை அப்படியே பின்பற்றும் "சிஐ" கட்டளையைப் பயன்படுத்துங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற, பதினொரு வரி மட்டுமே கொண்ட ஒரு சிறு நூலகத்தை அதன் ஆசிரியர் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது உலகெங்கும் எத்தனையோ பில்டுகள் தோற்று நின்றன. நமக்குத் தெரியாமலே எத்தனை பேரின் நிரலை நம்பியிருக்கிறோம் என்பது அன்று வெளிப்பட்டது.

இறக்கிய நூலகங்களை என்பிஎம் சேமிக்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையில் பல்லாயிரம் சிறு கோப்புகள் இருக்கும். அதைப் பென்டிரைவில் நகலெடுக்க முயன்றால் பொழுது போய்விடும்; அது இல்லாமல் மற்றதை மட்டும் கொடுங்கள். ஸ்கிரிப்டில் லினக்ஸ் கட்டளைகளை நேரடியாக எழுதினால் விண்டோஸில் தோற்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

## மற்றவை

டாம்கேட் என்ற ஜாவா இணைய சர்வருக்காக எழுதப்பட்டு, 2000இல் தனியாக வெளிவந்த ஆன்ட், பழைய ஜாவா திட்டத்தைப் பராமரிக்கும் வேலை கிடைத்தால் மட்டும் தேவைப்படும். சி++ திட்டம் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும் என்றால் சிமேக் பழகுங்கள். அது மேக்ஃபைலையே உங்களுக்காக எழுதித் தரும். கூகுள் 2015இல் வெளியிட்ட பேசல் மிகப் பெரிய நிறுவனங்களுக்கானது. தொடங்குகிறவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| கருவி | நூலகம் இறக்குமா | இணையம் இல்லாமல் | நினைவகம் | முதலில் கடிக்கும் சிக்கல் |
|---|---|---|---|---|
| ஸ்கிரிப்ட் | இல்லை | ஓடும் | மிகக் குறைவு | பிழை வந்தும் நிற்காமல் போவது |
| மேக் | இல்லை | ஓடும் | மிகக் குறைவு | டேப், நேரமுத்திரை |
| மேவன் | ஆம் | முதல் முழு ஓட்டத்துக்குப் பின் ஓடும் | நடுத்தரம் | குறியாக்கம், ஜாவா பதிப்பு |
| கிரேடில் | ஆம் | முதல் முழு ஓட்டத்துக்குப் பின் ஓடும் | அதிகம் | பதிப்புகள் ஒத்துப்போகாதது |
| என்பிஎம் | ஆம் | சேமிப்பில் இருந்தால் ஓடும் | நடுத்தரம் | லாக் கோப்பு விடுபடுவது |

## யாருக்கு எது

ஜாவா படித்து வேலைக்குப் போக நினைக்கும் மாணவர் மேவனில் தொடங்கட்டும். நம் நெல் கணக்கையே எடுத்துக்கொண்டு, ஈரப்பதம் 17.0 என்றால் ஏற்க வேண்டும், 17.1 என்றால் மறுக்க வேண்டும், அரசு வரம்பைத் தளர்த்தினால் அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று மூன்று சோதனைகள் எழுதி, அவை பில்டில் தானாக ஓடும்படி செய்யுங்கள். நேர்முகத் தேர்வில் "பில்ட் கருவி தெரியுமா" என்று கேட்டால் காட்டுவதற்கு உங்கள் கையில் ஒரு பொருள் இருக்கும். தஞ்சாவூரில் 2024இல் டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்திலேயே இப்படிப்பட்ட வேலையைத் தேட ஓர் இடம் கூடியிருக்கிறது.

எந்த மொழி என்று இன்னும் முடிவு செய்யாத முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர் மேக்கை எடுத்துக்கொள்ளலாம். மேலே உள்ள இரண்டு வரி விதியைத் தன் கையால் எழுதி, விலையை மாற்றி ஒருமுறை, மாற்றாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் கற்க வேண்டியதில் பெரும்பகுதி வந்துவிடும்.

கடைக்காரர்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறு அலுவலகத்தார், எந்தக் கருவியாக இருந்தாலும் அலுவலகம் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா என்றால் ரேப்பரோடு மேவன், இணையச் செயலி என்றால் என்பிஎம். புதிதாகச் சேரும் பணியாளர் முதல் நாளே, யாரையும் கேட்காமல், திட்டத்தை இறக்கி ஒரே கட்டளையில் ஓட்ட வேண்டும். அவரால் முடியாத இடத்தில் உடனே பில்ட் கோப்பைத் திருத்துங்கள். அவருக்கு வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அடுத்த மாதம் செயல்திட்டத்தை ஒப்படைக்க வேண்டியவர்கள் இப்போது கருவியை மாற்ற வேண்டாம். இருக்கும் படிகளை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி, நூலகங்களின் பதிப்பை ஒரு கோப்பில் குறித்து, குழுவில் இல்லாத ஒருவரின் மடிக்கணினியில் ஓட்டிப் பாருங்கள். தேர்வு முடிந்த பிறகு அந்த ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு மேவனுக்கு மாற்ற ஒரு வார இறுதி போதும்.